ஒட்டகச்சிவிங்கி பார்க்கப் போகிறவர்களுக்கான நிபந்தனைகள்

என் மாமா முப்பது வருடமாக ஜனங்களுக்குச் சாமியை அவசரமாகக் காட்டி வருகிறார். ராஜபாளையத்தில் வேன் ஏற்றினால், ஒன்பது நவக்கிரகக் கோயில்களையும் ஒன்றரை நாளில் முடித்து, வழியில் இன்னும் நான்கு கோயில்களைச் சேர்த்துக் கொடுத்துவிடுவார். மில்லில் ஃபிட்டராக இருந்தவரை லீவு நாட்களில் மட்டும் செய்தது, ரிட்டையர் ஆனதும் முழுநேரத் தொழிலாகிவிட்டது. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு விசில் தொங்கும். ஒரு தடவை ஊதினால் இறங்க வேண்டும். இரண்டு தடவை ஊதினால் ஏற வேண்டும். நடுவில் இருபது நிமிடம். சனீஸ்வரனுக்கு மட்டும் அரை மணி நேரம். அவரிடம் வைத்துக்கொள்ள மாமாவுக்கே பயம்.

அந்த வேன்களில் சமையல் என் அத்தை, அதாவது மாமாவின் மனைவி. கடைசி சீட்டில் கேஸ் அடுப்பு, அண்டா, அரிசி மூட்டை இவற்றுக்கு நடுவே அவருக்கென்று ஓர் இடைவெளி விடப்படும். மற்றவர்கள் கோயிலுக்குள் போகும்போது அத்தை வேன் நிழலில் உட்கார்ந்து காய் நறுக்குவார். செருப்புகளுக்கும் அவர்தான் காவல். காசி, கயா, பூரி என்று போகாத ஊர் கிடையாது. எந்த ஊரில் தண்ணீர் உப்பு, எந்த ஊரில் பருப்பு வேகாது என்று கேட்டால் சொல்வார். உள்ளே சாமி எப்படி இருக்கும் என்று கேட்டால், "காலண்டர்ல பாத்திருக்கேன்" என்பார்.

பயணிகள் பட்டியல் எழுதுவது நான். எனக்குப் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சின்னதாக ஒரு கடை. ஜெராக்ஸ், ரயில் டிக்கெட், பான் கார்டு. படித்தது பன்னிரண்டாம் வகுப்பு. ஆள் முகத்தைப் பார்த்துப் பேசினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பதால், கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துப் பேசும்படியான தொழிலாகப் பார்த்து எடுத்துக்கொண்டேன். பட்டியலில் ஒன்று முதல் முப்பத்தெட்டு வரை பெயர்கள் இருக்கும். அத்தைக்கு நம்பர் கிடையாது. அடியில் "சமையல் சாமான்கள் வகையறா" என்று ஒரு வரி எழுதுவேன். அந்த வகையறாவில்தான் அவர் இருந்தார். இருபது வருடம் அப்படியே எழுதியிருக்கிறேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

மாமாவுக்கு ஒரே மகள். எனக்கு முறைப்பெண். சரியான காலத்தில் நான் வாயைத் திறந்து கேட்காததால் இன்று பெங்களூரில் நல்ல நிலைமையில் இருக்கிறாள். அத்தைக்கு எழுபது பிறந்த அன்று அவள் போன் செய்தாள். நானும் அங்கே இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள்.

"அம்மா, சேலை, வளையல்னு சொல்லாத. எங்கயாவது போகணும்னா சொல்லு. நான் அனுப்பி வைக்கிறேன்."

அத்தை உரித்துக்கொண்டிருந்த பூண்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒட்டகச்சிவிங்கி பாக்கணும்" என்றார்.

மாமா சிரித்தார். "ஏட்டி, அதத்தான் மைசூர்ல காமிச்சேனே."

"நீங்க காமிச்சீங்க. நான் கேட்டுக்கு வெளிய முப்பத்தெட்டுப் பேருக்குத் தயிர்சோறு பெசஞ்சுக்கிட்டு இருந்தேன்."

"சரி, இன்னொருக்கா போவோம்."

"கூண்டுக்குள்ள இருக்குறது வேண்டாம். டிவில பாத்தேன். அது பாட்டுக்குக் காட்டுல நடக்குது. எம்புட்டு நிதானம்! அதுக்குப் பின்னால நின்னு யாரும் விசில் ஊதல. அங்க போயி நானும் சும்மா உக்காந்து பாக்கணும். ஒரு தடவ. சமைக்காம."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது பூண்டைக் கீழே வைத்துவிட்டார். போனில் முறைப்பெண், "அத்தான் அங்க இருக்காங்களா? அவங்க கம்ப்யூட்டர்ல பாத்து ஏற்பாடு பண்ணட்டும்" என்றாள். நான் தலையாட்டினேன். போனுக்குத் தலையாட்டினால் தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது.

விஷயம் தெரிந்ததும் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பயமுறுத்தினார்கள். இந்த வயதில் ஆப்பிரிக்காவா, முட்டு வலியோடு காடா, மிருகம் அடித்தால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லோரும் ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலையில் கைகால் நான்கையும் ஊன்றி ஏறுகிறவர்கள். அந்த மலையிலும் யானை உண்டு, வழுக்குப் பாறை உண்டு, ஒதுங்க இடம் கிடையாது. அதற்கு யாரும் டாக்டர் சர்டிபிகேட் கேட்டதில்லை. சாமி இருக்கிற இடத்தில் முட்டு வலிக்காது என்பது எங்கள் ஊர் வைத்தியம்.

நான் கடையில் உட்கார்ந்து பதினைந்து நாள் படித்தேன். ஆங்கிலத்தைப் போனில் காட்டினால் அதுவே தமிழில் சொல்லும். சொல்கிற தமிழ் நமக்குப் பாதிதான் புரியும் என்றாலும் பாதி போதும். முதலில் கென்யா என்று நினைத்தேன். அத்தைக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா தடுத்தார். அந்தப் பக்கம் போய் வர மஞ்சள் காய்ச்சல் ஊசி வேண்டும், அறுபது தாண்டியவர்களுக்கு அதை யோசித்துத்தான் போட வேண்டும், ஊசி தேவைப்படாத இடமாக, மலேரியாவும் இல்லாத இடமாகப் பார் என்றார். அப்படித் தேடியதில் தென்னாப்பிரிக்காவில் ஒரு காடு கிடைத்தது. பெரிய ஊரிலிருந்து காரிலேயே போய்விடலாம். கொசுறாக ஒரு குட்டி விமானத்தில் ஏற வேண்டியதில்லை. வழியில் எந்த நாட்டில் விமானம் மாறினால் ஊசி கேட்பார்கள் என்பதையும் பார்த்து, அந்த வழியை விட்டுவிட்டேன்.

காட்டுக்குள் இருக்கும் விடுதிக்குக் கடிதம் எழுதினேன். அறைக்குப் போக எத்தனை படி? சாப்பிடும் இடம் எவ்வளவு தூரம்? ஜீப்பில் ஏற முக்காலி போடுவீர்களா? இடையில் ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் என்ன வழி? நேரில் ஒரு மனிதரிடம் இந்தக் கடைசிக் கேள்வியை நான் சாகும்வரை கேட்டிருக்க மாட்டேன். அவர்கள் ஒன்றுவிடாமல் பதில் எழுதினார்கள். படி கிடையாது. முக்காலி உண்டு, போட்டோவும் அனுப்பியிருந்தார்கள். டிரைவரிடம் சொன்னால் பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்துவார். ஜூலையில் அங்கே குளிர்காலம், இலை உதிர்ந்து மிருகம் நன்றாகத் தெரியும், காலையில் கம்பளி தருவோம் என்றும் எழுதியிருந்தார்கள்.

"ஆப்பிரிக்கால குளிரா?" என்றார் மாமா. "யாரு ஏலே ஒனக்குச் சொன்னது?"

ஆனாலும் குரங்குக் குல்லாவை எடுத்து வெயிலில் போட்டார். அதுவரை எதிர்த்துக்கொண்டிருந்தவர், குல்லா காய்ந்ததும் பொறுப்பேற்றுக்கொண்டார். தான் தலைமை தாங்காத ஒரு பயணம் தன் வீட்டிலிருந்து கிளம்புவதை அவரால் தாங்க முடியாது.

மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் பாய் மாமாவின் பழைய சிநேகிதர். ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர். எங்களில் விமானம் ஏறிய ஒரே ஆள். மருந்துகளைக் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும், டாக்டர் சீட்டு கூட இருக்க வேண்டும் என்று அவர்தான் சொன்னார். அவர் கடையில் உட்கார்ந்துதான் இன்சூரன்ஸ் பாரம் நிரப்பினோம்.

"சுகர் இருக்கான்னு கேக்குது மாமா" என்றேன் திரையைப் பார்த்து.

"இல்லன்னு போடு. அவன் என்ன நாக்க வச்சா பாக்கப் போறான்?"

"அண்ணாச்சி, மறைச்சுட்டு அங்க போயி விழுந்தீங்கன்னா அவன் கைய விரிச்சிருவான்" என்றார் பாய். "இருக்கிறதப் போடச் சொல்லுங்க. ஏர்போர்ட்டுல வீல்சேரும் கேட்டுக்கிடுங்க."

"நான் என்ன நொண்டியா?"

"நானே உக்காந்துதான் போனேன். அம்புட்டு தூரம் நடக்க முடியாது. வரிசையில நிக்காம முன்னால கொண்டுபோயி விட்டுருவான்."

மாமா நிமிர்ந்தார். "ஸ்பெஷல் தரிசனம் மாதிரியா?"

"அதேதான்."

"அப்ப ரெண்டு சொல்லு மாப்ள."

இதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது. கெடுத்தது நான். அந்த ஜீப்பில் எத்தனை சீட்டு என்று மாமா கேட்டபோது, ஒன்பது என்று சொல்லிவிட்டேன். 'ரெண்டு' என்று சொல்லியிருக்க வேண்டும்.

"ஒம்போதா! நாங்க ரெண்டு பேரு போனா ஏழு சீட்டு காலியால்ல போகும்?"

காலி சீட்டு மாமாவுக்குப் பந்தியில் மிஞ்சிய சோறு மாதிரி. கண்ணில் பட்டால் ஆளைக் கூப்பிட்டு உட்கார வைக்காமல் விடமாட்டார். ஒரே வாரத்தில் வழக்கமான கோஷ்டி சேர்ந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து ஒரு ரிட்டையர்டு வாத்தியார். இருபது வருடமாக எங்கள் வேனில் ஒன்றாம் நம்பர் சன்னலோர சீட்டு அவருடையது. தளவாய்புரத்திலிருந்து அக்காள் தங்கை இருவர், வேன் கிளம்பும்போது ஆரம்பித்த சண்டையை இறங்கும்போது முடிப்பவர்கள். சோழபுரத்து விவசாயத் தம்பதி ஒன்று. மில்லில் மாமாவோடு வேலை பார்த்தவர்கள் நான்கு பேர். மொத்தம் பதினொன்று.

"ஜீப்புல ஒன்பதுதான் மாமா."

"ஸ்டூல் போட்டுக்கிடலாம்டா."

விடுதியில் நாலு நாளும் ஒரே இடத்தில் தங்குவதாக நான் போட்டிருந்த திட்டமும் அவருக்குப் பிடிக்கவில்லை. வயதானவர்களுக்குத் தினமும் பெட்டி கட்டி ஊர் மாறினால் அலுப்பு வரும் என்று படித்ததைச் சொன்னேன். "ஒண்ணர நாள்ல ஒம்போது கிரகத்தையே காட்டுனவன் நான். சிங்கம், யானை, காண்டாமிருகம் மூணையும் மத்தியானத்துக்குள்ள முடிச்சிட்டு சாயங்காலம் வேற ஸ்பாட்டு போவோம்" என்றார்.

பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. சோழபுரத்துக்காரர் கேட்டார்: "சாப்பாட்டுக்கு என்ன அண்ணாச்சி? அங்க என்னத்தப் போடுவானோ!"

"அதான் எங்க வீட்ல வாராள்ல" என்றார் மாமா. "சின்ன அடுப்பு ஒண்ணு கொண்டுபோவோம்."

அத்தை அடுக்களை வாசலில் காபி டம்ளர்களோடு நின்றார். பதினொரு டம்ளரையும் ஒவ்வொன்றாக அவரவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். போகும்போது என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். தரையைப் பார்ப்பதில் எனக்கு நல்ல அனுபவம்.

ஜீப்பில் மூன்று மணி நேரம் இறங்காமல், பேசாமல், எழுந்து நிற்காமல் இருக்க வேண்டும் என்று விடுதிக்காரர்கள் எழுதியிருந்தார்கள். இந்த ஆட்களால் அது முடியுமா என்று பார்க்க ஓர் ஒத்திகை வைப்போம் என்றேன். மாமாவுக்குப் பிடித்துவிட்டது, எந்தப் பெயரில் வண்டி கிளம்பினாலும் அவருக்குப் பிடிக்கும். மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், எங்கள் வேன் டிரைவருக்குத் தெரிந்தவரின் பிக்கப் வண்டியில் பின்பக்கம் பெஞ்சு போட்டு, மேற்கே அய்யனார் கோயில் போகும் மாந்தோப்புப் பாதையில் கிளம்பினோம். பச்சை, காவி நிறங்களில் உடுத்தி வரச் சொல்லியிருந்தேன். தளவாய்புரத்து அக்காள் ரோஸ் கலரில் வந்தார். தங்கை அதைவிட ரோஸில் வந்தார்.

அத்தை பிளாஸ்டிக் முக்காலி மேல் கால் வைத்து, என் தோளைப் பிடித்து, பொறுமையாக ஏறினார். முட்டு ஒத்துழைத்தது. முகத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு உட்காரும்வரைதான். பின்னாலேயே இட்லிப் பாத்திரமும் மிளகாய்ப்பொடி டப்பாவும் தண்ணீர்க் கேனும் ஏறின. பெஞ்சில் இடம் இல்லாததால் அத்தை கீழே, எல்லோருக்கும் முதுகு காட்டி, பாத்திரத்தோடு உட்கார்ந்தார்.

பேசாமல் இருந்தது மொத்தம் ஏழு நிமிடம். வாத்தியார் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார், அதோடு அதுவும் முடிந்தது. அக்காள், "எதுக்குடி என்னைய இடிக்க?" என்றார். தங்கை, "நீதான் எடத்த அடச்சுக்கிட்டு இருக்க" என்றார். மில் ஆட்கள், இந்தத் தோப்பு யாருடையது, அவர் அண்ணன் தம்பிக்குள் என்ன வழக்கு என்று பேச ஆரம்பித்தார்கள். "பசிக்கு மதினி" என்று ஒருவர் சொல்ல, அத்தை தட்டு எடுத்து இட்லி வைக்கக் குனிந்தார்.

அப்போதுதான் தோப்பு ஓரத்தில் ஒரு மிளா, பெரிய காட்டு மான், வந்து நின்றது. குதிரை உயரம். கழுத்தில் பிடரி ஈரமாக இருந்தது. எங்களைப் பார்த்துக் காதை ஆட்டியது. ஊரிலேயே பிறந்து வளர்ந்த நான், அன்றுதான் அதை அத்தனை பக்கத்தில் பார்க்கிறேன்.

"ஏலே அங்க பாரு!" என்று நான்கு பேர் கத்தினார்கள். சோழபுரத்தம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாமா, பழக்க தோஷம், விசிலை எடுத்து ஒரு தடவை ஊதினார். ஒரு தடவை என்றால் இறங்க வேண்டும் அல்லவா? வாத்தியார் இறங்கினார். மிளா ஒரே தாவு. அவ்வளவுதான்.

அத்தை கையில் இட்லித் தட்டோடு திரும்பினார். "எங்க? எங்க?"

"போயிருச்சு" என்றார் மாமா. "நல்லா பெருசு. நீ பாக்கலியா?"

அத்தை காட்டைப் பார்த்தார். மரம்தான் இருந்தது. தட்டை வாத்தியாரிடம் நீட்டிவிட்டு, "காசியிலயும் இப்படித்தான்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பொடிக்கு எண்ணெய் போதுமா என்று அடுத்த ஆளைக் கேட்டார்.

வீடு திரும்பும்வரை எனக்கு அந்த "எங்க? எங்க?" காதிலேயே இருந்தது. ஆப்பிரிக்காவுக்குப் போய் வந்தாலும் அங்கே பருப்பு வேகும், வேகாது என்றுதான் அவர் சொல்லப் போகிறார். மாமாவிடம் பேச வேண்டும் என்று மூன்று நாள் அவர் வீட்டுக்குப் போனேன். மூன்று நாளும் காபி குடித்துவிட்டு வந்தேன். நான்காம் நாள் அவரே என் கடைக்கு வந்து, "வழக்கமா அடிக்கிற மாதிரி நோட்டீஸ் அடிச்சிரு மாப்ள. மேட்டர் நீயே எழுதிரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமாவின் நோட்டீஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரோஸ் தாள், மேலே பிள்ளையார் சுழி, நடுவில் ஊர்கள், அடியில் நிபந்தனைகள். அந்த நிபந்தனைகளுக்கு அவர் காட்டும் மரியாதையை எந்தச் சாமிக்கும் காட்டியதில்லை. 'விசில் ஊதி ஐந்து நிமிடத்தில் வராதவர்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று ஒரு வரி உண்டு. அதற்காகத் தன் கூடப்பிறந்த அண்ணனையே ஒரு தடவை திண்டுக்கல்லில் விட்டுவிட்டு வந்தார். அண்ணன் டீ குடிக்கப் போய் ஏழு நிமிடம் ஆகிவிட்டது. அப்புறம் குடும்பமே திரண்டு வந்து கேட்டபோது மாமா சொன்ன பதில் ஒன்றே ஒன்றுதான்: "நோட்டீஸ்ல போட்டாச்சு."

நான் எழுத உட்கார்ந்தேன். வாயில் வராதது பேனாவில் வந்தது. விடுதிக்காரர்கள் சொன்னதை எல்லாம் நிபந்தனை ஆக்கினேன். வண்டிக்குள் மூன்று மணி நேரம் பேசக் கூடாது. எழுந்து நிற்கவோ, காட்டில் தன் இஷ்டத்துக்கு இறங்கவோ கூடாது. ஸ்டூல் போட அனுமதி இல்லை. சன்னலே கிடையாது, எனவே சன்னலோர சீட்டும் கிடையாது. ரோஸ், சிவப்பு, ஜரிகை தவிர்க்கவும். விசில் மற்றும் கைதட்டல் கண்டிப்பாகக் கூடாது. நாலு நாளும் ஒரே இடம். அறைக்குள் அடுப்பு பற்ற வைக்கக் கூடாது. இதுவரை அவர்கள் சொன்னதும் முன்பே போட்ட திட்டமும். பிறகு, அவர்கள் சொல்லாத ஒன்றை நானாகச் சேர்த்தேன்: 'இப்பயணத்தில் சமையல் ஆள் கிடையாது. வருகிறவர் அனைவரும் பயணிகளே.' எழுதியபின் வெளியே போய் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

அச்சாபீஸ் ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிப் பக்கம். அச்சாபீஸ்காரருக்கு எங்கள் மேட்டர் மனப்பாடம். படித்துக்கொண்டே வந்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, 'அறுசுவை உணவு உடன் சமைத்து வழங்கப்படும்'கிற வரியக் காணோமே? விட்டுப்போச்சா?"

"விட்டுப்போகல."

"ஒங்க மாமா பாத்துட்டாரா?"

"அடிங்க" என்றேன். என் வாழ்க்கையில் ஒரு மனிதரைப் பார்த்து நான் போட்ட முதல் உத்தரவு அது. அச்சாபீஸ்காரரும் அடித்துவிட்டார்.

சாயங்காலம் கட்டோடு மாமா வீட்டுக்குப் போனேன். மாமா ஒரு தாளை உருவி வாசிக்கத் தொடங்கினார். நான் செருப்பைக் கழற்றவில்லை. ஓட வசதியாக இருக்கட்டும் என்று படியிலேயே நின்றேன். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது. விசில் வரியில் மாமாவின் விரல் நின்றது. சமையல் வரியில் வெகுநேரம் நின்றது.

"இத யாரு ஏலே போடச் சொன்னா?"

அடுக்களை நிலையில் அத்தையின் கை மட்டும் தெரிந்தது. ஈரக்கை. நான் திரையும் இல்லாமல், தரையும் பார்க்காமல், மாமாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"நோட்டீஸ்ல போட்டாச்சு மாமா."

அவர் தாளை மடித்துக் கட்டின் மேல் வைத்தார். அந்த வாக்கியத்துக்கு எதிர்வாக்கியம் இன்றுவரை அவர் அகராதியில் கிடையாது. திண்டுக்கல்லில் விடப்பட்ட பெரிய மாமா அன்று உயிரோடு இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

நோட்டீஸ் வீடு வீடாகப் போனது. சன்னலோர சீட்டு இல்லாத வண்டியில் தனக்கு என்ன மரியாதை என்று வாத்தியார் விலகினார். "மூணு மணி நேரம் பேசாம இருந்தா நாங்க செத்துருவோம்யா. அதுக்குச் சிங்கமே அடிச்சுரலாம்" என்று தளவாய்புரத்து அக்காள் சொன்னார், முதல் முறையாகத் தங்கையும் அதை ஆமோதித்தார். சோழபுரத்துக்காரர், சொந்தச் சமையல் இல்லாமல் கடல் தாண்ட மாட்டேன் என்றார். மில் ஆட்கள் நால்வரும், ஒரே இடத்தில் நாலு நாள் என்றால் அதற்கு வீட்டிலேயே இருக்கலாமே என்றார்கள். அதில் நியாயம் இருந்தது. பத்தே நாளில் காலி சீட்டுகள் மறுபடி ஏழாகிவிட்டன.

மாமா இரண்டு நாள் சோர்ந்து கிடந்தார். விசிலைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தார். நான் டிக்கெட் விவரம் சொல்லப் போனபோது மெதுவாகக் கேட்டார்.

"விசிலும் ஊதக் கூடாது. ஆளும் எண்ண வேண்டாம். அப்ப அங்க வந்து நான் என்னடா செய்ய?"

நான் பதில் தேடுவதற்குள் அத்தை சொல்லிவிட்டார்.

"எம்பக்கத்துல செத்த நேரம் உக்காருங்க. அம்பது வருசமாச்சு."

மாமா குரங்குக் குல்லா எங்கே என்று கேட்டார்.

ஜூலையில் போனார்கள். வீல்சேர் இரண்டு வந்தது. வரிசையைத் தாண்டிப் போகும்போது மாமா கும்பிட்டுக்கொண்டே போனாராம். மூன்றாம் நாள் எனக்கு வீடியோ கால் வந்தது. திரையில் ஒரு குரங்குக் குல்லாவும் மூக்கும். மாமா கிசுகிசுத்தார். அவர் கிசுகிசுத்து நான் கேட்டதே இல்லை. யாரோ என்று நினைத்தேன்.

"மாப்ள, சிங்கம் படுத்திருக்கு. எந்திரிக்கவே மாட்டேங்குது. முக்கா மணி நேரமாப் பாத்துக்கிட்டே இருக்கோம்."

"அத்தை?"

போன் திரும்பியது. அத்தை கம்பளிக்குள் உட்கார்ந்திருந்தார். கையில் யாரோ கொடுத்த காபி. என்னைப் பார்க்கவில்லை, பார்க்க வேண்டிய பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வாயில் விரல் வைத்து, போனை வை என்று மாமாவுக்குச் சைகை காட்டினார். மாமா வைத்துவிட்டார்.

திரும்பி வந்ததும் எல்லோரும் கேட்கப் போனோம். சாப்பாடு எப்படி, தண்ணீர் எப்படி என்று பழக்கத்தில் அத்தையிடம் கேட்டார்கள். "கவனிக்கல" என்றார்.

"ஒட்டகச்சிவிங்கி?" என்றேன்.

"பாத்தேன்யா. பதினாலு. பக்கத்துல. அது நின்னுக்கிட்டேதான் திங்குது. யாரும் உக்காந்து தின்னுன்னு சொல்லமாட்டாங்க போல. கல்யாணம் ஆன நாள்லருந்து நானும் அப்படித்தான். ஆனா அதுக்குக் கழுத்து இருக்கு, தூரத்துல நடக்குறதெல்லாம் தெரியுது."

மாமா வெற்றிலைப் பெட்டியில் எதையோ தேடினார்.

ஆவணியில் நவக்கிரக வேன். பட்டியல் எழுத என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். விசில் ஆணியிலிருந்து மறுபடி கழுத்துக்கு வந்திருந்தது. மாமா பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்து, "கடைசில சமையல் வகையறான்னு போட்டுக்கோ" என்றார். அத்தை ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஒண்ணாம் நம்பர்ல எம்பேரப் போடுய்யா. சன்னலோரம்."

மாமா என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன். ஒன்றுக்கு நேரே எழுதியிருந்த பெயரை அடித்துவிட்டு அத்தையின் பெயரை எழுதினேன். அத்தையின் முழுப்பெயரை எழுத்துக்கூட்டி நான் எழுதியது பாஸ்போர்ட், டிக்கெட் பாரங்களுக்கு அடுத்து அதுதான்.

"அது வாத்தியார் சீட்டாச்சே" என்றார் மாமா கவலையாக. "இருபது வருசமா! சமையலும் இல்ல, சன்னலும் இல்லன்னு அவருகிட்ட யாரு போயிச் சொல்ல?"

எனக்குப் பேச வராது என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நான் பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அச்சாபீஸ் மூடுவதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன்.